எட்டாம் வார்டின் தொப்பை

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. வாசகர் வட்டத்தின் மாதக் கையேட்டுக்கு 'அரசியல் புவியியல்: பொருளும் பயிலும் முறையும்' என்று நான்கு பக்கம் கேட்டார் நூலகர். அந்தப் பாடத்தைக் கல்லூரியில் முப்பத்து நான்கு ஆண்டுகள் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். நாற்பதாயிரம் மாணவர்கள் என் வகுப்பில் உட்கார்ந்து, தூங்கி, எழுந்து போயிருக்கிறார்கள்.

(அடிக்குறிப்பு: நாலாயிரம்கூட இருக்காது என்கிறாள் என் மனைவி. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். எண்களில் அவளை ஏமாற்ற முடியாது. ஆகவே நான் சொல்லும் எந்த எண்ணையும் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். வார்டு, வீடு, ஓட்டு இந்த மூன்றையும் மட்டும் வகுக்க வேண்டாம். அவை அரசிதழில் அச்சானவை.)

சரியென்று உட்கார்ந்தேன். எழுதினேன்:

"அரசியல் புவியியல் என்பது அதிகாரத்துக்கும் இடத்துக்கும் உள்ள உறவை ஆராயும், புவியியலின் ஒரு"

[இத்தோடு நின்றுவிட்டது. 'கிளை' என்று ஒரு சொல் போட்டால் வாக்கியம் முடிந்திருக்கும். அந்தக் கிளையில்தான் இத்தனை வருடம் தொங்கினேன். இன்னொரு முறை ஏற முட்டி சம்மதிக்கவில்லை.]

பேனாவை மாற்றினேன். நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டேன். மறுபடி கதவுப் பக்கம் போட்டேன். அப்போது அழைப்பு மணி அடித்தது. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வாசலில் ஒரு பெண். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். என் கண்ணாடியின் உடைந்த காலைப் போன மாதம் மாட்டிக் கொடுத்தவள். செருப்பைக் கழற்றாமலே கேட்டாள்:

"சார், எட்டாம் வார்டு தொப்பையைப் போட்டது நீங்கதானே?"

கட்டுரை செத்தது.

2

தேர்ந்த கதைசொல்லி இந்த இடத்தில் அவளை வாசலில் நிறுத்திவிட்டுப் பின்னோக்கிப் போவான். நானும் போகிறேன். முதலில் எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

"பேரரசர்கள் குதிரை மேலிருந்து அடிவானத்தைச் சுட்டிக்காட்டிய கணத்தில், கோடானுகோடி மக்களின் தலைவிதி"

"ஏங்க, பதினோரு வீடுங்க. அதுலயும் ஒண்ணு பூட்டிக் கிடக்கு," என்றாள் மனைவி, என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டு.

குதிரையை அவிழ்த்து விட்டேன்.

நடந்தது இதுதான். மூன்று வருடங்களுக்கு முன், நகராட்சித் தேர்தலுக்காக வார்டுகளைப் புதிதாகப் பிரிக்க ஒரு குழு அமைத்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி. பாவம், இப்போது இல்லை. புவியியல் தெரிந்தவன் என்ற பெயரில் நான். ஓட்டுகளைக் கூட்டிச் சொல்ல ஒரு குமாஸ்தா. கோடு போட ஒரு வரைவாளர். நகராட்சிக் கட்டடத்தின் மாடியில், விமானம் இறங்கும் அளவுக்கு ஒரு மேசை. அதன் மேல் வீடு வீடாக வரைந்த பெரிய வரைபடம். தரையில் பத்து மீட்டர் என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர்.

எடுத்தவுடன் மையில் இறங்கமாட்டோம். சிவப்பு நூலைக் குண்டூசிகளில் மாட்டி, எல்லையாக ஓட விடுவோம். அந்தப் பக்கம் எத்தனை ஓட்டு, இந்தப் பக்கம் எத்தனை என்று குமாஸ்தா சொல்வார். சமமாக வராவிட்டால் ஊசியைப் பிடுங்கி நூலை நகர்த்துவோம். எல்லோரும் தலையாட்டியதும் வரைவாளர் நூலை ஒட்டியே மை இழுப்பார். நேர்மையின் சிகரம் அந்த மனிதர். ஓர் ஈ வந்து நூலை நகர்த்தினாலும் ஈயின் விருப்பத்தை அரசாணையாக்கிவிடுவார்.

மின்விசிறிக் காற்றில் தாள் நடுவில் உப்பும். அதை அமுக்க எதையாவது வைப்பது வழக்கம். ஒரு நாள், ஏழாம் வார்டுக்கும் எட்டாம் வார்டுக்கும் நடுவே கணக்கு முடிந்து நூல் நேராகக் கிடந்த நேரத்தில், அந்த இடத்தில் ஒரு டீ கிளாஸ் இருந்தது. தளர்வாகக் கிடந்த நூல் கிளாஸின் அடியைச் சுற்றி அரைவட்டமாக ஒதுங்கியது. வரைவாளர் வந்தார். நூலைப் பார்த்தார். மை இழுத்தார்.

அவ்வளவுதான். எட்டாம் வார்டு, ஏழாம் வார்டுக்குள் தொப்பை தள்ளியது. தொப்பைக்குள் பதினோரு வீடு, முப்பத்து நான்கு ஓட்டு. ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் கொடுத்தார்கள். அறிவிப்பை ஒட்டிய சுவர் எது என்று கேட்காதீர்கள், அங்கே யாரும் நின்று படிப்பதில்லை, வேறு காரியத்துக்குத்தான் நிற்பார்கள்.

அச்சானதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தேன். வாய் திறந்து திருத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நல்ல கதை ஒன்று கையில் கிடைத்தால் யார் திருத்துவார்கள்? மூன்று வருடமாக ரயிலில், கல்யாண வீடுகளில், ஒரு துக்க வீட்டில்கூடச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

3

வாசலில் நிற்கும் பெண்ணுக்குக் கால் வலிக்கும். உள்ளே கூப்பிடுவோம்.

"நான்தான்மா. உட்காரு. ஏன் கேக்கற?"

"யார் சொல்லிப் போட்டீங்க?"

"யாரும் சொல்லல."

"அம்மா, சித்தப்பாதான் சொல்லிப் போட வெச்சார்னு மூணு வருஷமா சொல்றாங்க. எனக்கு அடுத்த வாரம் கல்யாணம் சார். சித்தப்பா வந்தா அம்மா வர மாட்டாங்களாம். சித்தப்பா இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்."

அவள் அம்மா தையல்கடை வைத்திருப்பவர். அப்பா ஏழாம் வார்டு உறுப்பினராக இருந்து, இவளுக்கு ஒன்பது வயதாகும்போது இறந்தவர். அதன் பிறகு இவளைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, காய்ச்சலுக்கு ஊசி போடக் கூட்டிப்போனது, பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றபோது பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் திட்டு வாங்கியது எல்லாம் அப்பாவின் தம்பி. போன தேர்தலில் அண்ணியும் கொழுந்தனும் அதே ஏழாம் வார்டில் எதிரெதிரே நின்றார்கள். அண்ணி ஒன்பது ஓட்டில் கொழுந்தனிடம் தோற்றார். அவருக்கென்றே இருந்த முப்பத்து நான்கு ஓட்டும் தொப்பைக்குள் போயிருந்தன, அவருடைய சொந்த ஓட்டும் சேர்த்து. தன் பெயருக்குத் தானே ஓட்டுப் போட முடியாத வேட்பாளர்! இந்த வரியைச் சொல்லும்போது ரயிலில் எல்லோரும் சிரிப்பார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை.

டீ கிளாஸைப் பற்றிச் சொன்னேன். என் வாழ்நாளில் முதல் முறையாக எதையும் கூட்டாமல் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் பவர் சரியா என்று பார்க்கிறவளின் பார்வை.

"இதை நீங்களே அம்மாகிட்ட வந்து சொல்லுங்க," என்றாள். "நான் சொன்னா செருப்பு பறக்கும்."

4

[இந்தப் பகுதியில் சித்தப்பாவை அறிமுகம் செய்ய நினைத்தேன். முதல் வரைவில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். மீசையைத் தடவிக்கொண்டே பேசினார். படித்த மனைவி, "அவருக்கு மீசையே கிடையாதே" என்றாள். எடுத்துவிட்டேன். மீசை போனதும் ஆளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கெட்டவரா? தெரியாது. வார்டில் குழாய் உடைந்தால் விடியற்காலையிலேயே தானே போய் நிற்பார். அதையே நான்கு முறை படம் பிடித்துப் போடவும் செய்வார். இரண்டும் ஒரே ஆள்தான். இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. சந்தேகமும் முழுதாக வரவில்லை. நடுவில் நிற்கிறார். நிற்கட்டும்.]

5

தையல்கடை ஒரு கதவு அகலம்தான். சுவர் முழுக்க, வெட்டி வைத்த துணிகளைச் சுருட்டி, பெயர்ச் சீட்டுக் குத்தியிருந்தது. அந்த அம்மா மெஷினை நிறுத்தவில்லை. நான் பேசப் பேசத் தைத்துக்கொண்டே இருந்தார். முடித்ததும் பல்லால் நூலைக் கடித்துத் துப்பினார்.

"டீ கிளாஸா?"

"ஆமாம்மா."

"எவ்வளவு வாங்கினீங்க சார்?"

"சத்தியமா ஒரு பைசா..."

"இல்ல, எவ்வளவுக்கு வாங்கினீங்கன்னு கேட்டேன் கிளாஸை." பெண்ணைத் திரும்பிப் பார்த்தார். "அந்தத் தாளை எடு."

அரசிதழில் வந்த வார்டு வரைபடம். மூன்று வருடமாக மடித்து மடித்து, மடிப்பெல்லாம் துணி ஒட்டித் தைத்திருந்தார். தன் டீ கிளாஸில் மிச்சம் இருந்ததை ஒரே வாயில் குடித்துவிட்டு, கிளாஸை வளைவின் மேல் வைத்தார். வளைவு மொத்தமாகக் காணாமல் போனது. ஏழாம் வார்டே பாதி காணாமல் போனது.

"பொத்தான் சைஸ்ல இருக்கு சார் வளைவு. உங்க ஆபீஸ்ல பொத்தான்லயா டீ குடிப்பீங்க?"

"அம்மா, இது சுருக்கின படம். ஒரிஜினல் இதைவிட நாலு மடங்கு..."

"நீங்க நாலு மடங்குன்னு சொல்லுவீங்கன்னு ஊரே சொல்லுது."

பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது. [இந்த வரியை மனைவி மூன்று முறை படித்து மகிழ்ந்தாள்.]

அந்த அம்மா தாளைத் தடவிக்கொண்டே சொன்னார்: "முப்பது வருஷமா கழுத்து வெட்டறேன் சார். கத்திரி தவறி வெட்டினதுக்கும் வேணும்னு வெட்டினதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? தவறி வெட்டினா பிசிறு இருக்கும். இது அளந்து வெட்டின கழுத்து."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைத்தானே நான் வகுப்பில் நடத்தினேன்? மலையையும் ஆற்றையும் நாடுகளையும் தலைநகரங்களையும் படிப்பது பாதிதான் என்பேன். மீதிப் பாதி, ஒரு கோட்டைப் பார்த்ததும் இரண்டே கேள்வி கேட்பது: போட்டது யார்? யாருக்கு லாபம்? அப்பாவிக் கோடு என்று ஒன்று உலகத்தில் கிடையாது என்பேன். பலகையைத் தட்டித் தட்டிச் சொல்வேன். என் வகுப்பில் ஒரு நாள்கூட உட்காராத இந்த அம்மாதான் என் முதல் மாணவி. நூற்றுக்கு நூறு. அவரை நம்பவைக்க வேண்டுமென்றால் என் பாடத்தையே நான் எதிர்த்து வாதாட வேண்டும்.

"ஒரிஜினலைக் காட்டறேன். நாளைக்கு நகராட்சி ஆபீஸுக்கு வாங்க. கிளாஸை நான் கொண்டுவர்றேன்," என்றேன்.

6

பதிவறைக் காப்பாளர் லேசில் அசையும் ஆள் அல்ல. எட்டு மனு, பதினாறு கையெழுத்து கேட்டார்.

(அடிக்குறிப்பு: ஒரு மனு. அதையும் அவரே எழுதிக் கொடுத்தார்.)

நீளக் குழாயிலிருந்து வரைபடத்தை உருவி மேசையில் விரித்தார். தாள் சுருண்டு சுருண்டு எழுந்தது. நான்கு மூலையிலும் நான்கு பதிவேடுகளை வைத்தார். அந்த அம்மா புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு, தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து விரல் வைத்தார். பிறகு நாங்கள் அந்தக் காலத்தில் டீ குடித்த அதே வகைக் கிளாஸை (கட்டடத்தின் கீழே இன்னும் அதே டீக்கடை, அதே கிளாஸ்கள்) வளைவின் மேல் இறக்கினேன்.

மை விளிம்பும் கண்ணாடி விளிம்பும் ஒட்டிக்கொண்டன. ஒரு முடி இடைவெளி இல்லை.

குதித்தேன். இதில் மிகையே கிடையாது; பதிவறைக் காப்பாளர் "சார், தரை பலகை சார்" என்று கத்தினார். பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தியாம்மா, பார்த்தியாம்மா" என்றாள். நான் மனதுக்குள் கதையை முடித்தேவிட்டேன். கல்யாண மேடை, சித்தப்பா, அண்ணி, எல்லோர் கண்ணிலும் ஈரம், வரைபடத்தை மடித்து

[இல்லை. அந்த அம்மா பேசத் தொடங்கிவிட்டார்.]

அவர் குனிந்து கிளாஸைச் சுற்றிப் பார்த்தார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"சரி சார். கிளாஸ்தான். ஒத்துக்கறேன்." நிமிர்ந்தார். "வெச்சது யாரு?"

7

இரண்டாம் பகுதிக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள். 'அந்த இடத்தில் ஒரு டீ கிளாஸ் இருந்தது' என்று எழுதியிருக்கிறேன். தானாக நடந்து வந்து உட்கார்ந்த மாதிரி. மூன்று வருடமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். ரயிலில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டதில்லை.

"யோசிச்சுச் சொல்றேன்மா," என்று அங்கிருந்து நழுவினேன். வீட்டுக்கு வந்து கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன்.

"அன்னிக்கு டீ வாங்கிக் குடுத்தது யாருங்க?" என்றாள் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே.

நின்றுவிட்டேன்.

வழக்கமாகக் குமாஸ்தாதான் டீ சொல்வார். அன்று அவர் சொல்லவில்லை. அன்று ஒருவர் தெருவிளக்குக்காக மனு கொடுக்க மாடிக்கு வந்தார். வந்தவர் தாமே கீழே போய் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார், இரண்டு கையிலும் ஐந்து கிளாஸ். மேசையைச் சுற்றி நடந்து ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அப்போது அவர் உறுப்பினராகவில்லை. தையல்கடை அம்மாவின் கொழுந்தன், அவ்வளவுதான்.

இதை எப்படி மறந்தேன்? மறந்தேனா, கதைக்கு இடைஞ்சல் என்று வெட்டினேனா? மிகைப்படுத்துகிறவன் கூட்டுவதைத்தான் எல்லோரும் கவனிக்கிறார்கள். கழிப்பதை யாரும் கவனிப்பதில்லை.

அவருக்கு ஃபோன் செய்தேன். பின்னால் குழாய்த் தண்ணீர் பீறிடும் சத்தமும் நாலு பேர் கத்தும் சத்தமும் கேட்டன.

"சார், வணக்கம் சார். டீயா? மூணு வருஷத்துக்கு முன்னாடியா? நான் ஒரு நாளைக்கு முப்பது பேருக்கு டீ வாங்கித் தர்றேன் சார். எதை ஞாபகம் வெக்கறது?"

"வரைபடத்து மேல ஒரு கிளாஸ் இருந்ததே..."

தண்ணீர்ச் சத்தம் தள்ளிப் போனது; ஃபோனோடு ஓரமாக நடந்திருப்பார்.

"அண்ணி கேக்கச் சொன்னாங்களா?" என்றார். குரல் வேறாக இருந்தது. "பாப்பா எப்படி சார் இருக்கா? பத்திரிகை அடிச்சாச்சுன்னு வெளியில கேள்விப்பட்டேன். வெளியில சார்! என் வீட்டுக் கல்யாணத்தை நான் டீக்கடைல கேள்விப்படறேன்."

வைத்துவிட்டார். குற்றம் செய்தவரும் இப்படித்தான் பேசுவார். செய்யாதவரும் இப்படித்தான் பேசுவார். இந்த வாக்கியத்தை எப்படித் திருத்தி எழுதினாலும் ஒரு பக்கம் சாய மாட்டேன் என்கிறது.

8

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்திருக்கிறேன். மூன்றையும் அடித்து வைத்திருக்கிறேன். அடித்த கோட்டுக்கு அடியில் படிக்க முடியும்.

முதலாவது. 'நான்தான் வைத்தேன்' என்று சொல்லிவிடுவது. அந்த அம்மா என்னை நார்நாராகக் கிழிப்பார். பத்திரிகை சித்தப்பா வீட்டுக்குப் போகும். நான் வைத்திருக்கவும் கூடும்; என் கிளாஸ், என் கை, என் பக்கத்து மூலை. மனைவிக்கு இது பிடித்திருக்கிறது. "காசுக்கு ஆகாத பொய்யா எத்தனை சொல்லியிருப்பீங்க, ஒண்ணு காரியத்துக்கு ஆகட்டுமே," என்கிறாள். ஆனால் ஒருவேளை கொழுந்தன்தான் வைத்திருந்தால்? ஓட்டை இழந்து, தேர்தலை இழந்து, உறவை இழந்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனுஷியிடம் கடைசியாக மிஞ்சியிருப்பது அவர் சந்தேகம் ஒன்றுதான். அது உண்மையாக இருந்து, அதையும் நான் பொய் சொல்லிப் பிடுங்கினால், கோடு போட்டு முப்பத்து நான்கு ஓட்டை எடுத்தது போதாதென்று

இரண்டாவது. 'டீ கொண்டுவந்தது உங்கள் கொழுந்தன்' என்று மட்டும் சொல்வது. வார்த்தைக்கு வார்த்தை உண்மை. ஆனால் அந்த உண்மையை அவர் கையில் கொடுத்தால் அது தீர்ப்பாகிவிடும். லாபம் யாருக்கு என்ற என் பழைய கேள்வி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நீதிபதி உயிரோடு இருந்தால் அவரைக் கேட்கலாம். குமாஸ்தாவைக் கேட்டேன், நீங்கள்தான் வைத்தீர்கள் என்றார். வரைவாளரைக் கேட்டேன், "நான் நூலைத்தான் சார் பார்த்தேன்" என்றார்.

மூன்றாவது. 'ஞாபகம் இல்லை.' என்னிடம் உள்ள ஒரே சுத்தமான உண்மை இது. இதை ஊரில் ஒருவரும் நம்பமாட்டார். நான் பிறந்த அன்று வீட்டுச் சுவரில் பூசியிருந்த சுண்ணாம்பின் நிறம்கூட நினைவிருப்பதாகக் கதை விடுகிறவனுக்கு இது மட்டும் நினைவில்லையாமா?

நூலகருக்குச் சொல்லிவிட்டேன், கட்டுரை வராது என்று. வேண்டுமானால் பொருள் என்ற தலைப்பின் கீழ் இந்த ஒரு வரியைப் போட்டுக்கொள்ளட்டும்: அரசியல் புவியியல் என்பது, கோட்டின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பார்க்கும் படிப்பு அல்ல, கோடு விழுந்த நேரத்தில் மேசையைச் சுற்றி யார் யார்

[விட்டுவிடுகிறேன். நேரமில்லை.]

9

இப்போது வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. தையல்கடை. கல்யாணத்துக்கு ஐந்து நாள். இந்தப் பகுதியை நடந்துகொண்டிருக்கும்போதே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு பொய்க்காவது எனக்கு அனுமதி உண்டு.

அந்த அம்மா மெஷினில் உட்கார்ந்திருக்கிறார். மகளின் கல்யாண ரவிக்கை ஊசிக்கு அடியில். கால் மிதியில் இருக்கிறது, அழுத்தவில்லை. வேலையை நிறுத்தி அவர் ஒருவர் முகத்தைப் பார்ப்பதை நான் இன்றுதான் பார்க்கிறேன்.

"நீங்க என்ன சொன்னாலும் நம்பறதுன்னு முடிவு பண்ணிட்டேன் சார்," என்கிறார். "மூணு வருஷம் ஆச்சு. எனக்கும் ஓஞ்சு போச்சு. ஒரே வார்த்தை சொல்லுங்க. அவனா, இல்லையா?"

நம்பமாட்டேன் என்றால் எனக்கு வேலை சுலபம். நம்புகிறேன் என்கிறார்!

பெண் வெட்டு மேசையில், துணித் துண்டுகளுக்கு நடுவே ஒரு பத்திரிகை உறையை வைத்திருக்கிறாள். எல்லா உறையும் போய்ச் சேர்ந்தாயிற்று, இது ஒன்றுதான் பாக்கி. பேனாவின் மூடியைத் திறந்துவிட்டாள். அவள் அம்மாவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இத்தனை நேரம் சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் உங்களைத்தான் பார்க்கிறாள்.

என்னைவிட நீங்கள் நன்றாகப் பார்த்திருப்பீர்கள். விசிறி சுற்றுகிறது. தாள் உப்புகிறது. மேசையைச் சுற்றி ஐந்து பேர், ஆளுக்கு ஒரு கிளாஸ். ஒரு கை நீள்கிறது. யார் கை? சொல்லுங்கள், நான் அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறேன். சீக்கிரம். அந்த அம்மாவின் கால் மிதியை அழுத்திவிட்டால், மெஷின் சத்தத்தில் நீங்கள் சொல்வது அவர் காதில் விழாது.